வழியில் விழித்த முட்டைகள்

பிப்ரவரி 12

சின்னவளுக்கு,

போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம், ஒன்றும் விளங்காது. அதனால் நம் வேன் ஓட்டும் ஹாரன் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எப்படியும் உன் பண்ணை வாசலைத் தாண்டித்தான் அவர் போக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் உன் வீட்டுக்கு வந்து, உன் மாமியார் முன்னால், நம் பொரிப்பகத்துக்குப் பழைய முட்டையைக் கலந்து அனுப்புகிறாய், அதனால்தான் பொரிக்கவில்லை என்று சொன்னது எனக்குத் தெரியும். அவரே வந்து சொன்னார். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். அவர் சொன்னது அவர் வாய். நான் எழுதப்போவது என் கண்ணால் கண்டது. இரண்டையும் போட்டுக் குழப்பாதே.

பொரிக்காமல் நின்ற முட்டைகளை எல்லோரும் குழி வெட்டிக் கொட்டிவிடுவார்கள். நான் இந்தத் தடவை வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பொரிப்பகத்துப் பின்பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தேன். நாற்றம் தாங்காமல் பக்கத்து லேத் பட்டறைக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

கருவே கூடாத முட்டை மிகக் கொஞ்சம். ஆகவே உன் சேவல்கள் மேல் குற்றமில்லை, அவற்றிடம் சொல்லிவிடு. நிறைய முட்டைகளில் இரத்த வளையம் இருந்தது. கரு பிடித்து, தொடக்கத்திலேயே செத்திருக்கிறது. இன்னும் கொஞ்சத்தில் முழுக் குஞ்சு. இறகு, அலகு, நகம் எல்லாம் வந்து, ஓட்டில் ஒரு கீறலும் போட்டுவிட்டு, வெளியே வர முடியாமல் உள்ளேயே போயிருக்கிறது. இவற்றை வாளியில் எறிய மனம் வராமல் ஓரமாக வைத்தேன்.

பழைய முட்டையில் இரத்த வளையம் வரும். அதை மறைத்து எழுத மாட்டேன். ஆனால் வெயில் பட்ட முட்டையிலும் வரும், குலுங்கிய முட்டையிலும் வரும், அடைகாக்கும் மெஷினில் சூடு தப்பினாலும் வரும். அதனால் கேட்கிறேன். கோபப்படாமல் பதில் எழுது. முட்டையை எந்த அறையில் வைக்கிறாய்? எவ்வளவு நாள் வைத்திருந்து அனுப்புகிறாய்?

அண்ணி


பிப்ரவரி 16

அண்ணிக்கு,

கோபப்படாமல் எழுதச் சொன்னீர்கள். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆனால் பதில் சரியாக இருக்கும்.

வெயில் படாத பின்னறையில் முட்டை இருக்கிறது. ஜன்னலில் ஈரச்சாக்கு தொங்குகிறது. வாரத்துக்கு இரண்டு முறை உங்கள் வேன் வருகிறது. ஆகவே மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாள். அதற்கு மேல் ஒரு முட்டையும் என் வீட்டில் தங்கியதில்லை. இந்த வீட்டுக்கு வரும் விருந்தாளிகள்கூட அதைவிட அதிக நாள் தங்குகிறார்கள்.

அண்ணன் சொன்ன பிறகு என் மாமியார் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பதிலுக்குப் பதில் சொல்லி முடித்திருப்பேன். நான் முட்டை அறைக்குள் போனால் வாசலில் வந்து நின்று பார்க்கிறார். அவ்வளவுதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்து வைத்திருக்கும் மனுஷி. என் வீட்டுக்காரரோ, கோழிகளைக் கறிக்கடைக்குக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்கிறார். ஐந்து வருஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த தாய்க்கோழிகள். நான் கொடுக்க மாட்டேன்.

இப்போதைக்கு உங்களுக்கு முட்டை கிடையாது. எல்லாவற்றையும் மளிகைக் கடைக்குப் போட்டுவிட்டேன், ஆம்லெட் ஆகட்டும்.

ஒரே ஒரு தடவை மட்டும் தருகிறேன், பந்தயத்துக்கு. ஒரே நாளில் இட்ட முட்டைகளை எடுத்துப் பென்சிலால் அடையாளம் போடுகிறேன். பாதி என் அடைக்கோழிகளின் கீழே. பாதி உங்கள் மெஷினில். என் கோழிகளுக்கு கரண்ட் போகாது, பல்பு எரிந்து போகாது. யார் முட்டை பழசு, யார் மெஷின் பழசு என்று பார்த்துவிடலாம்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 19

சின்னவளுக்கு,

பந்தயம் எனக்குச் சம்மதம். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது, நீ கவனிக்கவில்லை. என் மெஷினில் உன் முட்டை மட்டும் இருந்தால், செத்தது முட்டையாலா மெஷினாலா என்று எப்படித் தெரியும்? அதனால் நமக்கு முட்டை தரும் இன்னொரு பண்ணையான பாலத்துப் பண்ணை முட்டையையும் அதே தட்டில், உன் முட்டைக்குப் பக்கத்திலேயே அடுக்குகிறேன். இரண்டுக்கும் ஒரே சூடு, ஒரே ஈரம், ஒரே மாதிரி திருப்பல். மெஷினில் கோளாறு இருந்தால் இரண்டும் சேர்ந்து சாகட்டும்.

தெர்மாமீட்டரே பொய் சொல்கிறதோ என்று மருந்துக் கடையிலிருந்து புதிதாக ஒன்று வாங்கி, பழையதோடு சேர்த்து உள்ளே வைத்தேன். இரண்டும் ஒரே பேச்சுத்தான் பேசுகின்றன.

உன் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். மறைத்துச் செய்ய இதென்ன திருட்டு வேலையா? அவளுக்கு எதற்குக் கடிதம் எழுதுகிறாய் என்று கேட்டார். "உங்க மெஷினைக் காப்பாத்தத்தான்" என்றேன். மெஷினைத் துடைக்கப் போய்விட்டார். நல்லவேளை, எனக்கும் அடுப்பில் வேலை இருந்தது.

திங்கட்கிழமை முட்டையைக் கொடுத்தனுப்பு. ஒரு வாரம் கழித்து நீயும் பார், நானும் பார்க்கிறேன்.

அண்ணி


மார்ச் 5

அண்ணிக்கு,

பார்த்துவிட்டேன். சாமான் அறையின் கதவைச் சாத்தி இருட்டாக்கிக்கொண்டு, டார்ச் விளக்கின் மேல் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்த்தேன். அடைக்கோழி ஒன்று என் மணிக்கட்டைக் கொத்திக் காயமாக்கிவிட்டது. அது அதன் உரிமை.

ஏறக்குறைய எல்லா முட்டையிலும் சிலந்திக்கால் மாதிரி சிவப்பு நரம்பு ஓடுகிறது. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி துடிக்கிறது. வளையம் எங்கேயும் இல்லை. என் முட்டை நல்ல முட்டை. இதை நான் முதலிலேயே சொன்னேன். இப்போது முட்டையும் சொல்லிவிட்டது.

இன்னொரு விஷயம். மேட்டுத்தெருவில் புதிதாகப் பொரிப்பகம் திறந்திருப்பவர் நேற்று வீட்டுக்கு வந்தார். என் கோழிகளைச் சுற்றிப் பார்த்தார். முட்டை முழுவதையும் தானே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். பேச்சு மரியாதையாக இருந்தது. இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

உங்கள் பக்கத்துச் செய்தி என்ன?

உங்கள் நாத்தனார்


மார்ச் 8

சின்னவளுக்கு,

என் பக்கத்துச் செய்தி கேள். உன் முட்டைகளில் மூன்றில் ஒரு பங்கு இரத்த வளையம். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பாலத்துப் பண்ணை முட்டைகளில் தேடித்தான் ஒன்றிரண்டு கண்டுபிடித்தேன். இரண்டும் ஒரே தட்டு.

இதைப் பார்த்ததும் உன் அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம். "நான் சொன்னேன்ல" என்றார். நான் உன் கடிதத்தை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அதே நாள் இட்ட முட்டை கோழிக்குக் கீழே உயிரோடு இருக்கிறது என்று படித்ததும் அந்த வெளிச்சம் அணைந்துவிட்டது. திரும்ப ஒரு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார்.

ஆகவே மெஷின் தப்பித்தது. உன் முட்டையும் தப்பித்தது. உன் வாசலுக்கும் என் வாசலுக்கும் நடுவில் மிச்சம் இருப்பது ஒன்றுதான், வழி. அடுத்த திங்கட்கிழமை நானே வேனில் ஏறி வருகிறேன். இரண்டு தட்டு முட்டை எடுத்து வை. அவை எப்படிப் பயணம் செய்கின்றனவோ அப்படியே நானும் செய்து பார்க்கிறேன்.

மேட்டுத்தெருக்காரருக்கு நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உன் கோழி, உன் முட்டை.

அண்ணி


மார்ச் 12

அண்ணிக்கு,

வாருங்கள். முட்டை தயாராக இருக்கும். வீட்டுக்குள் கூப்பிட மாட்டேன், தப்பாக நினைக்காதீர்கள். அண்ணன் சொன்ன சொல் இன்னும் கூடத்திலேயே கிடக்கிறது. அதைச் சொன்னவர் வந்து எடுக்காமல், அந்த வீட்டு ஆள் யாரையும் நான் உள்ளே உட்காரவைக்க முடியாது. வாசலில் தண்ணீர் தருவேன்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 18

சின்னவளுக்கு,

நீ தந்த தண்ணீரைக் குடித்தேன். செம்பைக் கையில் கொடுக்காமல் மதில்மேல் வைத்தாய். பரவாயில்லை, தண்ணீர் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. போகும்போது திரும்பிப் பார்த்தேன். நீ தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாய். ஆனால் உள்ளே போகவில்லை.

இனி நடந்ததைக் கேள். உன் முட்டையை வேனின் உள்பக்கத்தில் முதலில் ஏற்றினார்கள். நான் ஒரு தட்டின் நடுவில் தெர்மாமீட்டரைச் செருகி வைத்தேன். ரோடு மோசமில்லை, ஹாரன் அண்ணனும் பார்த்துத்தான் ஓட்டுகிறார். காலையிலேயே பாலத்துப் பண்ணைக்குப் போய்விட்டோம். அங்கே போனால், அவர்கள் மதியச் சாப்பாடு முடித்த பிறகுதான் முட்டையைப் பொறுக்கவே ஆரம்பிப்பார்களாம். ஹாரன் அண்ணன் வேனை மதிலோரம் வெட்டவெளியில் நிறுத்தினார். தூசி போகக்கூடாது என்று கதவுகளை இறுக்கிச் சாத்தினார். மரத்தடியில் துண்டை விரித்தார். படுத்துத் தூங்கிவிட்டார்.

நான் உட்கார்ந்து வேனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில் ஏறிய பிறகு கதவைத் திறந்து தெர்மாமீட்டரை உருவினேன். என் மெஷினுக்குள் என்ன சூடு வைப்பேனோ, சொல்லிவைத்தாற்போல் அதே சூடு. புரிகிறதா? அடைக்கு வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, கருவெல்லாம் வேனுக்குள்ளேயே கண் விழித்திருக்கிறது. சாயங்காலம் நம் குளிர் அறையில் கொண்டுபோய் வைத்து, மறுபடி தூங்கு என்றிருக்கிறோம். பாதி விழித்த கரு அப்படித் தூங்குமா? துவண்டுபோய், மெஷினில் வைத்த கொஞ்ச நாளிலேயே செத்துவிடுகிறது. பாலத்துப் பண்ணை முட்டை கடைசியில் ஏறி, வெயில் தாழ்ந்த பிறகு நேரே வந்துவிடுகிறது. அதனால் அதற்கு ஒன்றுமில்லை.

இதை ஏன் நம்மிடம் சொல்லவில்லை என்று ஹாரன் அண்ணனைக் கேட்டேன். "சூடுதானம்மா முட்டைக்கு நல்லது? நீங்களும் மெஷின்ல அதைத்தானே வைக்கிறீங்க" என்றார்.

முன்னெல்லாம் உன் பண்ணைக்கு ஒரு நடை, அவர்கள் பண்ணைக்கு ஒரு நடை என்று வேன் தனித்தனியாகப் போய் வரும். இரண்டையும் ஒன்றாக்கியது உன் அண்ணன். புது வருஷத்திலிருந்துதான், நம் பொரிப்பு விழ ஆரம்பித்ததும் அப்போதிலிருந்துதான். வந்ததும் அவரிடம் சொன்னேன். மறுநாள் உச்சிவெயிலில் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் தொப்பலாக நனைந்து இறங்கி வந்தார். சட்டையை மாற்றிக்கொண்டார்.

ஆனால் கதை முடியவில்லை. நேற்று பந்தய முட்டைகள் பொரித்தன. விளக்கு வைத்துப் பார்த்தபோது நன்றாக இருந்தவற்றிலும் ஒரு பங்கு, ஓட்டைக் கொத்திவிட்டு அப்படியே நின்றுபோயின. இதில் உன் முட்டை, பாலத்து முட்டை என்ற வித்தியாசமே இல்லை. இதற்கு வேனைக் குற்றம் சொல்ல முடியாது. எனக்குப் பிடிபடவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

அண்ணி


மார்ச் 23

அன்புள்ள அண்ணி,

என் அடைக்கோழிகள் எல்லாம் குஞ்சோடு உலாவுகின்றன. நின்றுபோனது இரண்டே இரண்டுதான். என் மாமியார் வந்து பார்த்தார். ஒரு குஞ்சைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

நீங்கள் வேனில் போன தூரத்தை நினைத்துக்கொண்டே இருந்தேன். மதில்மேல் செம்பை வைத்திருக்க வேண்டாம்.

கடைசியில் நின்றுபோன குஞ்சுகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஓட்டுக்கு உள்ளே இருக்கும் சவ்வு காகிதம் மாதிரி காய்ந்து, குஞ்சின் மேல் ஒட்டிக்கொண்டிருந்ததா? அப்படியிருந்தால் குஞ்சு வெளியே வரும் நேரத்தில் மெஷின் கதவை யாரோ திறக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஈரம் போய்விடுகிறது. சவ்வு இறுகிவிட்டால் குஞ்சு திரும்ப முடியாது, திரும்பாமல் ஓட்டை உடைக்கவும் முடியாது.

யார் திறப்பது என்று எனக்குத் தெரியும். நீங்கள் இல்லை. எங்கள் அம்மா சோறு வடிக்கும்வரை அண்ணனை அடுப்பங்கரைக்குள் விட மாட்டார். விட்டால் அண்ணன் வெந்துவிட்டதா, வெந்துவிட்டதா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்து, அரைவேக்காட்டில் நிறுத்திவிடுவார். பயம் வந்தால் அண்ணனுக்குக் கை சும்மா இருக்காது. பொரிப்பு விழ விழப் பயம் கூடியிருக்கும். பயம் கூடக் கூடக் கதவைத் திறந்திருப்பார்.

அடுத்த பொரிப்பின்போது மறைந்திருந்து பாருங்கள். கையும் களவுமாகப் பிடிபட்டால் சத்தம் போடாதீர்கள். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை.

இன்றைக்கு முழு முட்டையும் பென்சில் அடையாளம் போட்டு அனுப்புகிறேன். வேன் நேரே உங்களிடம் வர வேண்டும்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 15

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் அண்ணனை நீ எனக்கு முன்னாலிருந்தே பார்க்கிறாய் என்பதை மறந்துவிட்டேன்.

வேன் இப்போது பழையபடி இரண்டு நடை போகிறது. உன் முட்டை நேரே வந்துவிடுகிறது. விளக்கு வைத்துப் பார்த்தபோது வளையம் அபூர்வம். நேற்று முன்தினம் ஓடுகளில் கீறல் விழ ஆரம்பித்தது. கடைத்தெருவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தேன். உன் அண்ணன் மெஷின் முன்னால் நிற்கிறார். கைப்பிடியில் கை. இப்படியும் அப்படியும் பார்க்கிறார், பிள்ளையைப் பிரசவ அறைக்கு அனுப்பிவிட்டு நிற்கிறவர் மாதிரி. நீ சத்தம் போடாதே என்று எழுதியிருந்ததால் மெதுவாகத்தான் கூப்பிட்டேன். அதற்கே துள்ளிவிட்டார்.

"எத்தனை தடவை திறப்பீங்க?" என்று கேட்டேன்.

"எண்ணலை" என்றார். "உசிரோட இருக்கான்னு பாக்க வேண்டாமா?"

உன் கடிதத்தைக் காட்டினேன். சோறு வடிக்கும் கதையைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சவ்வு காய்ந்த ஒரு முட்டையை நான் எடுத்து வைத்திருந்தேன், அதையும் உடைத்துக் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தார். நானே எழுந்து அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை.

நேற்று கதவைத் திறந்தோம். சின்னவளே, நூற்றுக்குத் தொண்ணூறு. தட்டுத் தட்டாக மஞ்சள். குஞ்சுகளின் சத்தம் கேட்டு லேத் பட்டறைக்காரர் தன் மெஷினை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். உன் அண்ணன் உன் பென்சில் அடையாளம் இருந்த ஓடு ஒன்றைப் பொறுக்கி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஹாரன் அண்ணனுக்கு லீவு. உன் அண்ணனே வேனை எடுத்துக்கொண்டு வருகிறார். உன்னிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், வாயால் சொன்னதை வாயால்தான் எடுக்க வேண்டும் என்றார். உள்ளே விடுவதும் வாசலோடு அனுப்புவதும் உன் இஷ்டம். எதைச் செய்தாலும் நான் உன்னோடு பேசுவேன்.

அண்ணி


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணி,

வேன் இன்னும் உங்கள் வாசலுக்கு வந்திருக்காது. அதற்குள் எழுதி வைக்கிறேன். இதை அண்ணன் கையில் கொடுக்காமல் தபாலில் போடுகிறேன், வழியில் பிரித்துப் பார்த்துவிடுவார்.

காலையில் நாங்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியிலேயே நின்றார். நான் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அண்ணன் உட்காரவில்லை. நேரே என் மாமியாரைப் பார்த்து, "முட்டை நல்ல முட்டைம்மா. என் வேன்தான் கெடுத்துச்சு" என்றார். குரலே எழும்பவில்லை.

மாமியாருக்கு இப்போது ஒரு காது சரியாகக் கேட்பதில்லை. என்ன என்று கேட்டார். அண்ணன் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். மாமியார் காதில் கையைக் குவித்து மறுபடியும் என்ன என்றார். அண்ணன் கூடத்துக்குள் வந்து, அன்றைக்கு எங்கே நின்று என்னைச் சொன்னாரோ கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "என் தங்கச்சி பழைய முட்டை அனுப்பலைம்மா. நான்தான் விசாரிக்காம பேசிட்டேன்" என்றார். எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

மாமியார் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார். "அது எனக்கு முதல்லயே கேட்டுச்சு. அவளுக்குக் கேட்கட்டும்னுதான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, உன் அண்ணனுக்கு ஒரு தட்டு வை என்றார். நான் தட்டு வைத்தேன். அழவில்லை. அடுப்பங்கரைக்குப் போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் முட்டை அறைக்குக் கூட்டிப்போனேன். ஈரச்சாக்கைத் தொட்டுப் பார்த்தார். தட்டுகளை எண்ணினார். பாதிதான் இருக்கிறதே என்றார்.

உங்களிடம்கூட நான் சொல்லாத செய்தி இதுதான் அண்ணி. மாதக் கடைசியில் மேட்டுத்தெருக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது நம் முட்டை பொரிக்கவில்லை, அண்ணனும் வாய் திறக்கவில்லை. இந்த வாரத்திலிருந்து பாதி முட்டை தருகிறேன், இந்த வருஷம் முழுக்கத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அண்ணன் வந்து பேசிவிட்டார் என்பதற்காக அந்த மனிதரிடம் பேச்சு மாற மாட்டேன். இதை அண்ணனிடம் அப்படியே சொன்னேன்.

கோபம் வரும் என்று நினைத்தேன். தட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தப் பாதி எப்போ திரும்பி வரும்?" என்றார்.

"அடுத்த வருஷம் கேளுங்க. உங்க பொரிப்பைப் பாத்துட்டுச் சொல்றேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். இரண்டு மாதமாகிறது நாங்கள் சேர்ந்து சிரித்து. என் வீட்டுக்காரர் வந்து என்ன விஷயம் என்று கேட்டார், இரண்டு பேரும் சொல்லவில்லை. கோழிகளைக் கறிக்கடைக்குக் கொடுக்கும் பேச்சு இனி இந்த வீட்டில் எழாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இங்கே சாப்பிட வர வேண்டும். வாசலில் நிற்கக் கூடாது.

அண்ணன் தட்டுகளைத் தானே ஏற்றினார், யாரையும் தொட விடவில்லை. வேன் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டார். கிளம்பினார். நான் மதிலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெருமுனை திரும்புவதற்குள் ஒரு சைக்கிள்காரர் மணியடித்து அவரை முந்திக்கொண்டு போனார். அவரைத் தொடர்ந்து, தள்ளுவண்டிக்காரர் ஒருவரும் வேனை முந்திக்கொண்டு போனார்.

உங்கள் சின்னவள்